உள்ளூர் பையனா, வெளியூர் ஸ்டாரா? நூறு வருஷச் சண்டைக்கு நடுவில் நிற்கும் ஹெரால்டு வாக்ஸ்டாஃப்

உங்க ஆபீஸ்ல டீம் லீட் இடம் காலியாகுது. அஞ்சு வருஷத்துக்கு முன்னாடி ஃப்ரெஷரா உள்ளே வந்து, எல்லாத்தையும் கத்துக்கிட்ட நீங்க, அடுத்தது நாமதான்னு நினைச்சுட்டு இருக்கீங்க. திங்கட்கிழமை காலையில ஒரு மெயில் வருது. வெளியிலேர்ந்து ஒருத்தரைக் கூட்டிட்டு வர்றாங்க, உங்களைவிட நல்ல சம்பளத்துல. அந்த நிமிஷம் வயித்துக்குள்ள ஏதோ பிசையும் இல்லையா? ஐபிஎல் ஏலம் முடிஞ்ச ராத்திரி, டீம்ல நம்ம ஊர்ப் பசங்க எத்தனை பேர்னு எண்ணிப் பார்ப்போமே, அதுவும் இதே பிசைவுதான்.

இந்தச் சண்டையை ரொம்ப காலமா, ரொம்பச் சத்தமா போட்டுக்கிட்டிருக்கிற இடம் ஒண்ணு உண்டு: வடக்கு இங்கிலாந்தின் ரக்பி லீக் கிளப்புகள். பக்கத்துத் தெரு ஜூனியர் கிளப்பில் ஆடும் பையனை வளர்த்தெடுப்பதா, இல்லை காசு கொடுத்து வேற நாட்டிலிருந்து ஆளை இறக்குவதா? இந்த வழக்கில் இரண்டு தரப்புக்குமே சாட்சி சொல்லக்கூடிய ஒரு மனிதர் இருந்தார். பெயர் ஹெரால்டு வாக்ஸ்டாஃப். 1939-ல் இறந்துபோனவர். நம்ம ஊரில் பலருக்குத் தெரியாத பெயர்தான். ஆனா அவர் கதை உங்களுக்கு உதவும்.

முதல்ல, இது என்ன ரக்பி?

1895 ஆகஸ்ட் 29. யார்க்‌ஷயரின் ஹடர்ஸ்ஃபீல்டு நகரத்து ஜார்ஜ் ஹோட்டலில் வடக்குப் பகுதி ரக்பி கிளப்புகள் கூடி, தென்பகுதிக் கனவான்களின் கையில் இருந்த ரக்பி யூனியனை விட்டுப் பிரிஞ்சு போறோம்னு முடிவெடுத்தன. காரணம் எளிமையானது. வடக்கில் ஆடியவர்கள் பலரும் மில் தொழிலாளிகள், சுரங்கத் தொழிலாளிகள். சனிக்கிழமை ஆடப் போனா அன்றைய கூலி போச்சு. அந்தக் கூலியை ஈடுகட்டணும்னு கேட்டாங்க. ரக்பி யூனியன் முடியாதுன்னு சொல்லிடுச்சு. புது அமைப்புக்கு நார்தர்ன் யூனியன் என்று பெயர். ஒரு நாளைக்கு ஆறு ஷில்லிங் வரை நஷ்டஈடு. இதுதான் பின்னாளில் ரக்பி லீக் ஆனது.

1898-ல் வெளிப்படையாகவே சம்பளம் கொடுக்கலாம் என்று ஆனது. ஆனா ஒரு நிபந்தனை: ஆட்டக்காரருக்கு முறையான வேறு வேலை இருக்கணும். பில்லியர்ட்ஸ் கூடத்தில் ஸ்கோர் எழுதுவது, மதுக்கூடத்தில் பரிமாறுவது எல்லாம் கணக்கில் சேராது! இந்த விதி 1905 வரை இருந்தது. பிறகு தூக்கிவிட்டாலும், வேலை பார்த்துக்கொண்டே ஆடும் வழக்கம் போகவில்லை. இதைக் கொஞ்சம் ஞாபகம் வெச்சுக்கோங்க, பின்னாடி தேவைப்படும்.

அஞ்சு சவரன்

ஹடர்ஸ்ஃபீல்டுக்குத் தெற்கே, ஏறக்குறைய பத்து கிலோமீட்டர் தள்ளி, மலைச்சரிவில் கம்பளி மில்கள் நிறைஞ்ச சின்ன ஊர் ஹோம்ஃபர்த். 1891 மே 19 அன்று வாக்ஸ்டாஃப் அங்கேதான் பிறந்தார். ஊரில் அண்டர்பேங்க் ரேஞ்சர்ஸ் என்று ஒரு கிளப். பெரியவங்களோட சேர்ந்து அங்கே ஆடிக்கொண்டிருந்த பையனை ஹடர்ஸ்ஃபீல்டு கிளப் பிடித்தது. கொடுத்தது ஐந்து தங்க சாவரின் காசுகள். நம்ம நகைக்கடையில சவரன்னு சொல்றோமே, அந்தச் சொல் பிறந்ததே இந்தக் காசிலிருந்துதான். ஆக, உள்ளபடியே அஞ்சு சவரன்.

1906 நவம்பர் 10, பிராம்லி அணிக்கு எதிராக முதல் ஆட்டம். அன்று அவருக்கு வயது 15 ஆண்டு, 175 நாள். நம்ம கணக்குல பத்தாம் வகுப்பு.

நேரமும் அவருக்குத் தோதாக அமைந்தது. அந்த சீசனில்தான் நார்தர்ன் யூனியன் ஓர் அணிக்கு 15 பேர் என்பதை 13 ஆகக் குறைத்தது. மைதானத்தில் திடீரென்று இடம் கிடைத்தது. உடம்பால் முட்டி மோதுகிறவனைவிட, இடைவெளியைப் பார்த்துப் பந்தைக் கைமாற்றுகிறவனுக்கு மதிப்பு கூடியது. வாக்ஸ்டாஃப் இரண்டாவது வகை. சென்டர் இடத்தில் ஆடினார்; பின்னாளில் சென்டர்களின் இளவரசன் என்றே பட்டம் வந்தது. 1909 ஜனவரி 2 அன்று ஆஸ்திரேலியாவுக்கு எதிராக இங்கிலாந்துக்கு ஆடியபோது வயது 17. அந்த ஆட்டம் நடந்ததும் ஹடர்ஸ்ஃபீல்டில்தான்.

இதுவரைக்கும் கதை அழகான உள்ளூர் வெற்றிக் கதை. இங்கேயே நிறுத்தினா, ஜூனியர் கிளப்பில் முதலீடு பண்ணுங்கன்னு ஒரு பிரசன்டேஷன் போட்டுடலாம்.

ஆனா கிளப் ஏன் வெளியே போச்சு?

பயம்தான் காரணம். 1903-ல் பிராட்ஃபோர்டின் மானிங்காம் கிளப் ரக்பியையே விட்டுவிட்டு பிராட்ஃபோர்டு சிட்டி என்ற கால்பந்து கிளப்பாக மாறியது. 1907-ல் அதே நகரத்தின் இன்னொரு பெரிய கிளப்பும் கால்பந்துக்குத் தாவியது. 1908-ல் ஹடர்ஸ்ஃபீல்டிலேயே ஹடர்ஸ்ஃபீல்டு டவுன் என்ற கால்பந்து கிளப் தொடங்கப்பட்டது. கிளப்புகளின் வருமானம் வாசலில் விற்கும் டிக்கெட். கூட்டம் அந்தப் பக்கம் சாய்ந்தால் கடையை மூட வேண்டியதுதான். வாக்ஸ்டாஃப் சேர்ந்தபோது ஹடர்ஸ்ஃபீல்டு பெரிய கோப்பை எதுவும் ஜெயிக்காத அணி. நல்ல உள்ளூர்ப் பையன் ஒருவன் கிடைத்துவிட்டான் என்பதற்காகக் கூட்டம் வந்துவிடாது.

ஆள் வரத்துக்கு மூணு வழி இருந்தது. ஒன்று, கம்பர்லேண்ட். மேரிபோர்ட் பக்கத்திலிருந்து 1909-ல் டக்ளஸ் கிளார்க் வந்தார். நிலக்கரி வியாபாரம் பார்த்தவர், மல்யுத்தமும் ஆடுவார். இரண்டு, வேல்ஸ். அங்கே ரக்பி யூனியன் ஏறக்குறைய மதம் மாதிரி. வடக்கிலிருந்து ஆள் பிடிக்கப் போன ஏஜென்ட்கள் அடிவாங்கியதும் உண்டு. யூனியன் ஆட்டக்காரர் ஒருமுறை காசு வாங்கிவிட்டால் திரும்பிப் போக வழியே கிடையாது, வாழ்நாள் தடை. அதையும் மீறி பென் க்ரோனோ, ஜானி ரோஜர்ஸ் போன்றவர்கள் வந்தார்கள். க்ரோனோ 1910-ல் ட்விக்கன்ஹாம் மைதானத்தின் முதல் சர்வதேச ஆட்டத்தில் வேல்ஸுக்கு ஆடியவர். அதே ஆண்டிலேயே ஹடர்ஸ்ஃபீல்டுக்கு வந்துவிட்டார்.

மூன்றாவது வழிதான் சுவாரசியமானது.

சிட்னியிலிருந்து வந்த தையல்காரர்

1907-08-ல் நியூசிலாந்திலிருந்து ஓர் அணி நார்தர்ன் யூனியன் ஆட்டம் ஆட வந்தது. அடுத்த சீசனில் ஆஸ்திரேலிய அணி. இரண்டாவது பயணம் பணக் கணக்கில் படுதோல்வி. குளிர்காலம் வேற, பருத்தி மில் பகுதிகளில் வேலை முடக்கம் வேற, கூட்டம் வரவில்லை. கையில் காசில்லாத ஆட்டக்காரர்கள் முன்னால் இங்கிலாந்து கிளப்புகள் ஒப்பந்தத்தை நீட்டின. நியூசிலாந்து அணியின் எட்கர் ரிக்லி ஏற்கெனவே ஹடர்ஸ்ஃபீல்டில் தங்கிவிட்டிருந்தார். ஆஸ்திரேலிய அணியிலிருந்து பாட் வால்ஷும் ஆல்பர்ட் ரோசன்ஃபெல்டும் சேர்ந்தார்கள்.

ரோசன்ஃபெல்டு சிட்னியின் யூதக் குடும்பத்துப் பிள்ளை, தொழில் தையல். குள்ளமான ஆள், மின்னல் வேகம். விங்கில் நிறுத்தினார்கள். 1911-12 சீசனில் 78 டிரை அடித்தார். 1913-14 சீசனில் 80. ஒரே சீசனில் 80 டிரை என்ற அந்தச் சாதனையை நூறு ஆண்டுகள் தாண்டியும் யாரும் தொடவில்லை. டேட்டாவோடு குடித்தனம் நடத்துபவன் என்ற முறையில் ஒன்று சொல்லணும்: இப்படித் தனியாகத் துருத்திக்கொண்டு நிற்கும் எண்ணைப் பார்த்தால் முதலில் தப்பாகத் தட்டச்சு செய்துவிட்டார்களோ என்றுதான் தோன்றும். தப்பில்லை.

ஆனா விங்கர் தானாக டிரை அடிப்பதில்லை. எதிரணியின் இரண்டு பேரைத் தன் பக்கம் இழுத்து, கடைசி நொடியில் அவன் கைக்குப் பந்தைத் தள்ளிவிட ஒருவர் வேண்டும். ஹடர்ஸ்ஃபீல்டின் ஆட்டம் முழுக்க இந்தக் கைமாற்றலின் மேல் கட்டப்பட்டது. அதன் நடுவில் நின்றவர் வாக்ஸ்டாஃப். 1911-ல், இருபது வயதை ஒட்டி, அவரையே கேப்டன் ஆக்கினார்கள். யோசிச்சுப் பாருங்க: ஆஸ்திரேலியாவுக்கு ஆடியவர், நியூசிலாந்துக்கு ஆடியவர், வேல்ஸுக்கு ஆடியவர், எல்லாரும் இருக்கிற ரூம்ல, ஹோம்ஃபர்த் பையன் கேப்டன்.

இங்கேதான் நம்ம வழக்கமான வாதம் கொஞ்சம் தடுமாறுது. வெளியாட்கள் வந்ததால் உள்ளூர்ப் பையன் ஓரங்கட்டப்படவில்லை. அவர்கள் வராமல் இருந்திருந்தால் அவர் தோற்கும் அணியின் நல்ல சென்டராகவே காலம் தள்ளியிருக்கலாம். அதே சமயம், அவரைப் போல ஒருவர் ஏற்கெனவே உள்ளே வளர்ந்து நிற்காவிட்டால், வந்தவர்கள் தனித்தனி ஸ்டார்களாகவே இருந்திருப்பார்கள் என்பது என் கணிப்பு.

நாலு கோப்பை

அந்த அணிக்கு எல்லாத் திறமைகளும் சேர்ந்த அணி என்று பெயர் வந்தது. 1909-ல் யார்க்‌ஷயர் கோப்பை. 1912-லும் 1913-லும் சாம்பியன்ஷிப். 1913-ல் சேலஞ்ச் கோப்பையும் சேர்ந்தது. அந்த இறுதி ஆட்டத்தில் ஹடர்ஸ்ஃபீல்டின் மூன்று டிரைகளையும் அடித்தவர் ஸ்டான்லி மூர்ஹவுஸ், இன்னொரு உள்ளூர்க்காரர், வாக்ஸ்டாஃபின் பக்கத்து விங்கர்.

1914-15-ல் உச்சம். சாம்பியன்ஷிப், சேலஞ்ச் கோப்பை, யார்க்‌ஷயர் கோப்பை, யார்க்‌ஷயர் லீக் என ஆட இருந்த நாலையும் ஒரே சீசனில் அள்ளினார்கள். இறுதி ஆட்டங்களின் ஸ்கோரைப் பாருங்க: லீட்ஸுக்கு எதிராக 35-2, செயின்ட் ஹெலன்ஸுக்கு எதிராக 37-3. போட்டின்னே சொல்ல முடியாது.

ரக்பி லீக் வரலாற்றில் இப்படி ஆட இருந்த நாலையும் ஒரே சீசனில் ஜெயித்த அணிகள் மூன்றே மூன்று: 1907-08-ல் ஹன்ஸ்லெட், 1914-15-ல் ஹடர்ஸ்ஃபீல்டு, 1927-28-ல் ஸ்விண்டன். இதில் ஹன்ஸ்லெட்டைக் கவனிங்க. லீட்ஸின் தொழிலாளர் பகுதியைச் சேர்ந்த, பெரும்பாலும் சுற்றுவட்டாரத்து ஆட்களைக் கொண்டு கட்டிய அணி அது. அதே நாலு கோப்பையை ஓர் அணி அக்கம்பக்கத்தை வைத்தும், இன்னொன்று பாதி பூமியைத் துழாவியும் ஜெயித்திருக்கிறது. ரிசல்ட்டை மட்டும் பார்த்து எது சரியான கொள்கைன்னு தீர்ப்பு சொல்ல நினைக்கிறவங்களுக்கு இது கொஞ்சம் இடிக்கும். ஹன்ஸ்லெட் கதையிலும் ஒரு கசப்பு உண்டு. அந்த அணியில் வளர்ந்த பில்லி பாட்டனை 1913-ல் ஹல் கிளப் 600 பவுண்டுக்குத் தூக்கிக்கொண்டு போனது. அன்றைக்கு அது சாதனைத் தொகை. உள்ளூரில் வளர்த்தால், வளர்ந்ததை வாங்க இன்னொருத்தன் வந்து நிற்பான்.

சிட்னியில் ஒரு சனிக்கிழமை

1914-ல் பிரிட்டிஷ் அணியின் கேப்டனாக வாக்ஸ்டாஃப் ஆஸ்திரேலியா போனார். வயது 23. முதல் டெஸ்டில் வெற்றி, இரண்டாவதில் தோல்வி. தொடரை முடிவு செய்யும் மூன்றாவது டெஸ்டை ஜூலை 4-க்கு வைத்தார்கள். முந்தைய இரண்டு டெஸ்டுகளும் ஜூன் 27, ஜூன் 29. ஆக எட்டு நாளில் மூன்று டெஸ்ட். பாதிப் பேருக்குக் காயம், தேதியை மாற்றுங்கள் என்று அணி நிர்வாகம் கேட்டது. ஆடியே ஆகணும் என்று இங்கிலாந்திலிருந்து தந்தி வந்தது. மாற்று ஆட்டக்காரர் இறங்கலாம் என்ற விதி அப்போது கிடையாது. ஒருவர் அடிபட்டு வெளியே போனால் அந்த இடம் காலி, அவ்வளவுதான்.

விங்கர் ஃபிராங்க் வில்லியம்ஸ் முதலில் போனார். டக்ளஸ் கிளார்க் விரல் உடைந்தும் கட்டுப் போட்டுக்கொண்டு ஆடினார். அப்புறம் காரை எலும்பு நழுவி அவரும் வெளியே. பில்லி ஹால் தலையில் அடிபட்டு விழுந்தார். இரண்டாம் பாதியில் ஒரு கட்டத்தில் 13 பேருக்கு எதிராகப் பத்தே பேர். அந்த நிலையில் வாக்ஸ்டாஃப் தடுப்பை உடைத்துக்கொண்டு ஓடி, விங்குக்கு மாற்றி நிறுத்தப்பட்டிருந்த ஃபார்வர்டு சிக் ஜான்சனுக்குப் பந்தைக் கொடுத்தார். ஜான்சன் அதைக் காலால் தட்டிக்கொண்டே போய் டிரை அடித்தார். முடிவு 14-6, தொடர் பிரிட்டனுக்கு. 1879-ல் தென்னாப்பிரிக்காவில் சிறு பிரிட்டிஷ் படை தாக்குப்பிடித்த சண்டையின் பெயரைச் சூட்டி, ரோர்க்ஸ் ட்ரிஃப்ட் டெஸ்ட் என்று இதை இன்றைக்கும் சொல்கிறார்கள்.

இந்தக் கதையை எல்லாரும் வீரக் கதையாகவே சொல்வார்கள். நான் வேறொரு பக்கம் பார்க்கிறேன். அன்று சிட்னியில் ஆஸ்திரேலியாவின் விங்கில் ரோசன்ஃபெல்டு இல்லை. சில வாரங்களுக்கு முன் முடிந்த சீசனில் 80 டிரை அடித்த மனிதர், அந்த ஊர்ப் பிள்ளை, அப்போது இருந்தது பத்தாயிரம் மைலுக்கு அப்பால் ஹடர்ஸ்ஃபீல்டில். ஒரு கிளப் வெளியாளைச் சேர்த்தால், இன்னொரு ஊர் தன் உள்ளூர்ப் பையனை இழக்கிறது. அப்போதுதான் காலூன்றிக்கொண்டிருந்த ஆஸ்திரேலிய ரக்பி லீக்குக்கு இது சின்ன இழப்பு இல்லை. வெளிநாட்டு ஆட்டக்காரர்களை இங்கிலாந்து கிளப்புகள் இழுப்பதற்குப் பின்னாளில் தடைகள் வருவதும் தளர்வதும் மறுபடி வருவதுமாக இருந்ததற்கு இந்தப் பயமும் ஒரு காரணம்.

போர் எடுத்துக்கொண்ட வருஷங்கள்

வாக்ஸ்டாஃபின் அணி நாலு கோப்பையோடு நின்ற 1915-ல், அடுத்த சீசனிலிருந்து போட்டிகள் நிறுத்தப்பட்டன. வாக்ஸ்டாஃப், கிளார்க், க்ரோனோ, ரோஜர்ஸ் எல்லாரும் ராணுவத்தின் மோட்டார் போக்குவரத்துப் பிரிவில் லண்டன் க்ரோவ் பார்க் முகாமில் ஒன்றாகச் சேர்ந்தார்கள். அங்கே அவர்கள் ஆடியது ரக்பி யூனியன்! காசு வாங்கியவன் வாசலை மிதிக்கக் கூடாது என்ற யூனியன், போர்க்காலத்தில் மட்டும், ராணுவ உடுப்பில் இருப்பவர்களுக்குக் கதவைத் திறந்தது. அந்த அணி ஏறக்குறைய எல்லா ஆட்டத்தையும் ஜெயித்தது. போர் முடிந்ததும் கதவு மறுபடி சாத்தப்பட்டது.

ஹடர்ஸ்ஃபீல்டின் ஃபார்வர்டு ஃபிரெட் லாங்ஸ்டாஃப் 1916-ல் பிரான்ஸ் போர்முனையில் இறந்தார். கிளார்க் விஷவாயு, குண்டு இரண்டையும் தாங்கி, வீரப் பதக்கத்தோடு திரும்பி வந்து, மறுபடியும் ஆடினார்.

1919-20-ல் பழைய ஆட்கள் கடைசியாக ஒருமுறை எழுந்தார்கள். மூன்று கோப்பைகள் கைக்கு வந்துவிட்டன. சாம்பியன்ஷிப் இறுதி மட்டும் பாக்கி. ஆனா வாக்ஸ்டாஃப், கிளார்க், க்ரோனோ உள்ளிட்டவர்கள் அதற்குள் ஆஸ்திரேலியாவுக்குக் கப்பல் ஏறிவிட்டார்கள், பிரிட்டிஷ் அணிக்காக. அவர்கள் இல்லாமல் ஆடிய ஹடர்ஸ்ஃபீல்டு, ஹல் அணியிடம் 3-2 என்று தோற்றது. அந்த ஆட்டத்தின் ஒரே டிரையை அடித்தவர் யார் தெரியுமா? ஹன்ஸ்லெட்டிலிருந்து 600 பவுண்டுக்குப் போன அதே பில்லி பாட்டன்.

ஸ்ப்ரெட்ஷீட்டில் இல்லாத காலம்

வாக்ஸ்டாஃப் 1925-ல் ஆட்டத்தை நிறுத்தினார். ஹடர்ஸ்ஃபீல்டுக்கு 436 ஆட்டம், 175 டிரை. வேறு கிளப்புக்கு மாறவே இல்லை. இப்போ கிளப்பின் சாதனைப் பட்டியலைத் திறங்க. அதிக ஆட்டம்: டக்ளஸ் கிளார்க், 485, கம்பர்லேண்ட்காரர். ஒரு சீசனில் அதிக டிரை: ரோசன்ஃபெல்டு, 80, சிட்னி. மொத்தத்தில் அதிக டிரை: இரண்டாம் உலகப் போருக்குப் பின் வந்த லயோனல் கூப்பர், 420, அவரும் ஆஸ்திரேலியர். இந்த மூன்று வரியிலும் வாக்ஸ்டாஃப் பெயர் இல்லை. கைமாற்றிக் கொடுத்தவனுக்கு அந்தக் காலத்தில் யாரும் தனிக் கணக்கு எழுதவில்லை.

எழுதப்படாத இன்னொரு கணக்கும் உண்டு. ரோசன்ஃபெல்டு ஓடிய விங்கில், க்ரோனோ முட்டிய வரிசையில், வேறு யாராவது ஹோம்ஃபர்த் பையன் ஆடியிருப்பானா? அவன் பெயர் எந்த ஏட்டிலும் கிடையாது. ஹடர்ஸ்ஃபீல்டு 1915-க்குப் பிறகு அடுத்த சாம்பியன்ஷிப்பை ஜெயித்தது 1929-ல். போர் சில வருஷங்களைத் தின்றது உண்மை. ஆனாலும், ஒரே நேரத்தில் கூட்டி வந்த ஆட்கள் ஒரே நேரத்தில்தான் வயதாவார்கள். அந்த 80 டிரைக்குக் கைதட்டியபோது, பின்வரிசையில் யார் வளர்கிறான் என்று பார்க்க மறந்திருக்கலாம். இது என் ஊகம்; இதை நிரூபிக்க என்னிடம் எண் இல்லை.

ஆரம்பத்தில் ஞாபகம் வெச்சுக்கச் சொன்ன விஷயத்துக்கு வர்றேன். அந்த ஆட்டக்காரர்கள் வேலை பார்த்துக்கொண்டே ஆடியவர்கள். அதனால் வெளியாள் என்று வந்தவரும் அதே ஊரில் வேலை தேடி, வீடு எடுத்து, அதே தெருவில் நடந்துதான் மைதானத்துக்குப் போகணும். ரோசன்ஃபெல்டு ஹடர்ஸ்ஃபீல்டு பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டார். 1921 வரை கிளப்புக்கு ஆடினார். பிறகு வேறு கிளப்புகளுக்கு ஆடி ஓய்ந்தபோதும் சிட்னிக்குத் திரும்பவில்லை. ஹடர்ஸ்ஃபீல்டிலேயே குப்பை அள்ளும் வேலை பார்த்தார்.

வாக்ஸ்டாஃப் 1939 ஜூலை 19 அன்று இறந்தார். 48 வயதுதான். இரண்டு மாதத்தில் அடுத்த போர் தொடங்கிவிட்டது. 1988-ல் பிரிட்டிஷ் ரக்பி லீக் தன் பெருமைப் பட்டியலைத் தொடங்கியபோது முதலில் சேர்த்த ஒன்பது பேரில் வாக்ஸ்டாஃபும் ரோசன்ஃபெல்டும் பாட்டனும் இருந்தார்கள்.

ரோசன்ஃபெல்டு 1970 வரை இருந்தார், ஹடர்ஸ்ஃபீல்டில். 1908-ல் கப்பலேறி வந்த ஆஸ்திரேலிய அணியில் கடைசியாக உயிரோடிருந்தவர் அவர்தான். ஹோம்ஃபர்த்தில் அண்டர்பேங்க் ரேஞ்சர்ஸ் இன்றைக்கும் ஆடிக்கொண்டிருக்கிறது.